மாதா கெபியோடு நின்ற குழாய்

புளித்த மாவின் வாசனையும் ஆற்றுச் சேற்றின் வாசனையும் ஒன்றாகக் கலந்து வருவதைத்தான் என் மூக்கு இன்றைக்கும் விடியற்காலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டின் முன்பாதி பேக்கரி, பின்பாதியில் நாங்கள் இருந்தோம். பின்கதவைத் திறந்தால் ஆறு, முன்கதவைத் திறந்தால் தெரு, தெருவைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் நடந்தால் கடல். அப்பா போறணையின் இரும்புக் கதவைத் திறந்து, துடுப்புப் போல நீண்ட பலகையால் பாணை வெளியே இழுக்கும்போது, புருவமும் மீசையும் மாவில் வெளுத்துப்போய்க் கிழவராக நிற்பார். முகத்தைக் கழுவிக்கொண்டு தேத்தண்ணி குடிக்க வரும்போது மறுபடியும் இளந்தாரி ஆகியிருப்பார். இந்த வேடிக்கையைத் தினமும் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் "அது எங்க கிடக்குது?" என்றுதான் கேட்பீர்கள், பழக்கப்பட்ட கேள்விதான், கோபமில்லை. சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில் பெரிய வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, தென்னந்தோட்டங்களுக்கு ஊடாக மேற்கே இரண்டு கட்டை நடந்தால் எங்கள் ஊர் வரும். கிழக்கேயிருந்து அவ்வளவு தூரம் ஓடிவந்த ஆறு, கடலைக் கண்டதும் நேரே போய் விழ மனமில்லாமல் வடக்கே திரும்பி, கடலோடு பக்கத்தில் பக்கத்தில் நடந்து, களைத்த பிறகுதான் வாயைத் திறக்கும். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே அப்படிக் கிடந்த மணல் துண்டின்மேல்தான் நாங்கள் கோயில் கட்டி, பள்ளிக்கூடம் கட்டி, பாண் போட்டுத் தின்று, சண்டை பிடித்து, சமாதானமாகி இருந்தோம். கோயில் என்று நான் சொல்வது வேதக் கோயிலை, அதாவது தேவாலயத்தை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். காற்று வடக்கேயிருந்து வீசினால் உடப்புத் திருவிழா மேளம் கேட்கும், தெற்கேயிருந்து வீசினால் ஒன்றும் கேட்காது, மீன் காயப்போட்ட மணம் மட்டும் வரும்.

நான் ஆறாம் வகுப்புக்கு ஏறிய தை மாதத்தில் சரோஜா ரீச்சர் கரும்பலகையில் "எமது ஊர்" என்று எழுதி, அதற்குக் கீழே அமைவிடம், சனத்தொகை, வசதிகள் என்று மூன்று தலைப்புகளைப் போட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு படமும் கீறிக்கொண்டு வரச் சொன்னார். எதையும் சரியாகச் செய்துவிட்டேன் என்று நாலு பேர் சொல்லக் கேட்பதில் எனக்கு அப்போது பெரிய ஆசை. இப்போதும் அந்த ஆசை போய்விடவில்லை, வெளியில் காட்டிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

அமைவிடத்தை ஒரு மூச்சில் எழுதிவிட்டேன். வசதிகளும் கஷ்டமாக இருக்கவில்லை, ஏனென்றால் எழுதுவதற்கு அதிகமாக ஒன்றும் இல்லை. கோயில் ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று, உப தபாற் கந்தோர் ஒன்று, சங்கக்கடை ஒன்று, பேக்கரி ஒன்று (இதை மட்டும் அடிக்கோடிட்டேன்), காலையும் மாலையும் வந்து திரும்பும் பஸ் ஒன்று. "மின்சாரம் உண்டு, ஆனால் மழைக்கு இல்லை" என்று நான் எழுதியதில் "மின்சாரம் உண்டு" என்பதை மட்டும் விட்டுவிட்டு மீதியை ரீச்சர் சிவப்பு மையால் வெட்டினார். குடிதண்ணீருக்குக் கோயில் வளவுக் கிணறு. அதைத் தவிர ஊரில் எந்தக் கிணற்றில் அள்ளினாலும் உப்பு. ஆற்றுவாயை மணல் மூடிக்கொள்ளும் கோடையில் அந்த உப்பு இன்னும் ஏறி, தேத்தண்ணியில் பாலை விட்டால் திரிந்து திரிந்து நிற்கும்.

சனத்தொகையில்தான் நான் என் கெட்டித்தனத்தைக் காட்டினேன்.

எங்கள் ஊரில் எத்தனை பேர் என்று கேட்டால் யாராலும் நேராகப் பதில் சொல்லமுடியாது. காரணம், ஊரே வருஷத்துக்கு இரண்டு முறை அளவு மாறும். ஐப்பசி கடைசியில் மழை கொஞ்சம் வெளித்ததும் கடற்கரை வரிசை வீடுகளில் இருந்தவர்கள் வலை, எஞ்சின், சட்டிமுட்டி, கோழி, கைக்குழந்தை எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிக்கொண்டு கற்பிட்டிக்குப் போய், அங்கிருந்து போட்டில் தீவுகளுக்குப் போய்விடுவார்கள். அங்கே ஓலைக் குடில் போட்டு, மீன் பிடித்து, கருவாடு போட்டு, குருத்தோலை ஞாயிறுக்கு முன்பு திரும்பி வருவார்கள். இதற்கு "வாடிக்குப் போறது" என்று பெயர். பெரிய கிழமையை யாரும் வாடியில் கழிக்கமாட்டார்கள்; சாமி பாடுபடும்போது சொந்தக் கோயிலில் நிற்கவேண்டும் என்பார்கள்.

ஆகவே ஊரின் சனத்தொகை என் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். ஆளுக்கு அரை றாத்தல் பாண், சின்னப் பிள்ளைகளுக்கு அதிலும் பாதி என்று அவர் மனதுக்குள் ஒரு அளவு வைத்திருந்தார். மா குழைக்கும்போதே யார் வீட்டில் விருந்தாளி, யார் வீட்டில் காய்ச்சல், எந்தப் பிள்ளை வாயைக் கட்டிக்கொண்டு கோபத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அவர் கையில் வந்துவிடும். "ஊரில எத்தனை சனம் அப்பா?" என்று நான் கேட்டபோது, அவர் போறணையைப் பார்த்துவிட்டு ஒரு எண்ணைச் சொன்னார். நான் அதை எழுதிக்கொண்டேன். அது தை மாதத்து எண்.

பிறகு படம் கீறினேன். ஆற்றுக்கு நீலம், தென்னைக்குப் பச்சை. பாண் வாங்கும் வீடுகளுக்குச் சிவப்புக் கூரை போட்டேன். கடற்கரை வரிசையில், மாதா சுரூபம் வைத்துத் தெருவோரத்தில் குகைபோலக் கட்டிய மாதா கெபிக்கு அப்பால் இருந்த இருபத்திமூன்று வீடுகளும் அந்த மாதத்தில் பாண் வாங்கவில்லை, எனவே அவற்றை வெள்ளையாக விட்டு, ஓரத்தில் அழகான எழுத்தில் "ஆளில்லாத வீடுகள்" என்று எழுதினேன். அந்த இருபத்திமூன்றில் ஒன்று றீற்றாவுடையது. பள்ளிக்கூடத்தில் என்னுடைய வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருப்பவள் அவள்தான். அவள் வாடிக்குப் போன பிறகு அந்த இடம் பங்குனி வரை வெறுமையாகவே கிடக்கும். வேறு யாராவது இருக்க வந்தால் நான் முழங்கையால் இடித்து எழுப்பிவிடுவேன். வாங்கில் அவளுடைய இடத்தைக் காத்த அதே நான்தான் படத்தில் அவளுடைய வீட்டை வெள்ளையாக விட்டேன். பிழை என்று அப்போது ஒரு துளியும் தோன்றவில்லை. பாண் எடுக்காத வீட்டில் ஆளில்லை. பேக்கரிக்காரன் மகளுக்கு அதில் என்ன சந்தேகம்?

ரீச்சர் முழுப் புள்ளி போட்டு, படத்தை வகுப்பில் எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். நான் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்து, பேக்கரியின் கண்ணாடி அலுமாரிக்குமேல், வருகிறவர்கள் கண்ணில் படும்படி திறந்து வைத்தேன்.

அப்படிக் கொப்பி கண்ணில் பட்டவர்களில் ஒருவர், தண்ணீர்க் குழாய் போடுவதற்கு வீடுகளைப் பார்த்துப்போக வந்த ஒரு இளம் உத்தியோகத்தர். ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வரப்போகிறது என்பது எங்களுக்குக் கதையாகத் தெரியும், ஆனால் இப்படிப்பட்ட கதைகள் அடிக்கடி வந்து போவதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உச்சி வெயிலில், கையில் பெயர்ப்பட்டியலோடு கடற்கரை வரிசையில் நாலைந்து பூட்டிய கதவுகளைத் தட்டிப் பார்த்துச் சோர்ந்துபோய், அவர் பேக்கரிக்குள் வந்து கதிரையில் விழுந்தார். அப்பா மா மூட்டைகளுக்காகப் பாலாவிக்குப் போயிருந்தார். அம்மா உள்ளே தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு கிம்புலா பணிஸை எடுத்துத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். முதலையைப் போல நீளமாக, மேலே சீனி தூவிய அந்தப் பணிஸைக் கடித்துக்கொண்டே அவர் தலையை நிமிர்த்தினார், என்னுடைய படம் தெரிந்தது.

அவர் சிங்களத்தில் கேட்டார், நானும் சிங்களத்திலேயே சொன்னேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. இந்தச் சிவப்பு என்ன? ஆள் இருக்கிற வீடு. இந்த வெள்ளை? ஆளில்லாத வீடு. நிச்சயமாகவா? நிச்சயமாக, எங்களிடம் பாண் வாங்குவதில்லை. "ஹரி லஸ்ஸனய்" என்றார், மிகவும் அழகாக இருக்கிறதாம். பட்டியலையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீடு வீடாக அடையாளம் போட்டுக்கொண்டு, கடைசியில் படத்தையும் ஒரு தாளில் பார்த்துக் கீறிக்கொண்டு, தேத்தண்ணியையும் குடித்துவிட்டுப் போனார். மூன்று நாள் வேலை அவருக்கு அரை மணியில் முடிந்தது. நான் அன்று முழுக்க நிலத்தில் கால் படாமல் திரிந்தேன்.

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில், யாரும் நம்பாத அந்தக் கதை உண்மையாகி, தெருவோரமாகக் கிடங்கு வெட்டி நீலக் குழாய்களைத் தாழ்த்தினார்கள். எங்கள் பேக்கரிக்கு ஒரு பைப், சங்கக்கடைக்கு ஒன்று, ரீச்சர் வீட்டுக்கு ஒன்று. கிடங்கு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடற்கரைப் பக்கம் போய், மாதா கெபியடியில் வந்து நின்றது. நாளைக்கு மீதியை வெட்டுவார்கள் என்று நினைத்தோம். மறுநாள் வேலைக்காரர்கள் மண்வெட்டிகளைக் கழுவி லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். என்னுடைய படத்தில் சிவப்புக் கூரைகள் முடிந்ததும் அதே இடத்தில்தான். யாரிடமும் சொல்லவில்லை.

வாடிக்குப் போனவர்கள் குருத்தோலை ஞாயிறுக்கு மூன்று நாள் முன்னதாக வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வந்த மறுநாள் காலையில் அப்பா ஒரு வேலை செய்வார், வருஷாவருஷம். ஐந்து மாதம் பூட்டிக்கிடந்த வீட்டில் அடுப்பு உடனே எரியாது என்று, திரும்பி வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஆளுக்கொரு சின்னப் பாண் சுடச்சுட அனுப்புவார். "வந்த பாண்" என்று ஊரில் அதற்குப் பெயர். கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. எத்தனை பேர் போனார்கள் என்று அப்பாவுக்குத் தெரியும். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்பதை நான் பார்த்துவந்து சொல்லவேண்டும். ஒரு வீட்டில் புதுக் குழந்தை இருந்தால் பல் இல்லாத அதற்கும் ஒரு பாண் போகும். ஒரு வருஷம் ஒரு வீட்டுக்கு ஐந்து கொண்டுபோனேன், அந்த வீட்டு அம்மா நாலை மட்டும் எடுத்துக்கொண்டு ஒன்றைத் திருப்பிக் கூடைக்குள் வைத்தார். அப்படித்தான் அந்தச் செய்தி எங்களுக்குத் தெரியவந்தது.

இந்த வருஷம் றீற்றா வீட்டுக்கு ஆறு. கூடையோடு போனபோது, அவளுடைய அம்மா செலீன் மாமி வீட்டில் இல்லை, மாதா கெபியடியில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். குழாயின் வாயில் ஒரு மூடியைப் போட்டு முறுக்கியிருந்தார்கள், அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதென்ன புள்ள, பைப் இவடத்தோட நிண்டுட்டு?" என்று என்னைக் கேட்டார்.

நான் பாணை நீட்டினேன்.

"நாங்க வருவம் என்டு தெரியாதாமா இவங்களுக்கு? வீட்டைத் தூக்கிக்கொண்டா போனம்?"

அவருடைய கை சூடான பாணைப் பிடித்திருந்தது, கண் குழாயிலேயே இருந்தது. றீற்றாவின் கடைசித் தம்பிக்கு உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் சிரங்கு போடும். வாடியிலிருந்து வந்தால் தினமும் கோயில் கிணற்றில் நல்ல தண்ணீர் அள்ளிச் சுமப்பது றீற்றாவின் வேலை. கோடையில் அந்தக் கிணற்றடியில் வரிசையில் நின்று பள்ளிக்கூடத்துக்கு மணி அடித்த பிறகுதான் ஓடிவருவாள். குழாய் வரப்போகிறது என்ற கதையை அவள் வாடியிலேயே கேட்டிருக்கிறாள். இனிமேல் முதல் மணிக்கே வருவேன், ரீச்சரிடம் ஏச்சு வாங்கமாட்டேன் என்று அங்கிருந்த பிள்ளைகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாளாம்.

பெரிய வெள்ளிக்கு முன்பே கடற்கரை வரிசை ஆண்கள் ஏழெட்டுப் பேர் தண்ணீர்க் கந்தோருக்குப் போய்விட்டு வந்தார்கள். வரும்போது பேக்கரியில் தேத்தண்ணி குடிக்க இறங்கினார்கள். நான் கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் நின்றேன்.

"ஆளில்லாத வீடுகள் என்டு எழுதிக் கிடக்குது. ஆளில்லாத வீட்டுக்கு எதுக்குத் தண்ணி என்டு கேக்கிறாங்க," என்றார் றீற்றாவின் அப்பா.

"ஆர் சொன்னதாம்?" என்றார் அப்பா.

"அதுதான் விளங்கல்ல. சின்னப் புள்ள கீறின மாதிரி ஒரு படம் வச்சிருக்கிறாங்க. கூரையெல்லாம் போட்டு."

அப்பா துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை. ஒரு தரம் அலுமாரியின் மேல்தட்டைப் பார்த்தார், கொப்பி அங்கே இல்லை, நான் அதை எப்போதோ எடுத்து மா மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கவேண்டும்.

"அது என்ட போறணைக் கணக்கு," என்றார் அப்பா, வந்தவர்களைப் பார்த்து. "தை மாசம் எத்தனை பாண் போட்டன் என்டதை வச்சுக் கீறினது. புள்ள கேட்டாள், நான்தான் சொன்னன். பிழை என்ட பக்கம்தான்."

றீற்றாவின் அப்பா கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனார், மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். அன்று மாலையில் கடற்கரை வரிசையிலிருந்து ஒருவரும் பாண் வாங்க வரவில்லை. ஆட்கள் ஊரில் இருந்தும் விற்ற பாண் தை மாதத்து அளவிலேயே நின்றது. அப்பா என்னை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. மிஞ்சிய பாணைக் கூடைக்குள் அடுக்கி ஈரத்துணியால் மூடினார். அவர் இரண்டு அடி போட்டிருந்தால் நான் நிம்மதியாக அழுதிருப்பேன்.

பாஸ்கு, அதாவது ஈஸ்டர், முடிந்த திங்கட்கிழமை றீற்றா தனியாகப் பேக்கரிக்கு வந்தாள். பாஸ்குப் பூசையில் அவள் எனக்கு இரண்டு வாங்கு முன்னால் இருந்தாள், ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது நேராக என்னிடம் வந்து, "கொப்பியக் காட்டு," என்றாள்.

மா மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். படத்தை நெடுநேரம் பார்த்தாள். தன்னுடைய வீட்டை விரலால் தொட்டாள். வேலியில் நின்ற முருங்கை மரத்தைக்கூட நான் விட்டுவிடாமல் கீறியிருந்தேன்.

"மரத்தைக் கீறத் தெரிஞ்சிருக்குது," என்றாள்.

"நான் வேணுமென்டு செய்யல்ல றீற்றா," என்றேன்.

"சிவப்புப் பென்சில் எங்க?"

கொடுத்தேன். ஒரு மா மூட்டையின்மேல் ஏறி இருந்து, முதலில் தன்னுடைய வீட்டுக்குக் கூரை தீட்டினாள், பிறகு பக்கத்து வீட்டுக்கு, பிறகு அதற்கு அடுத்த வீட்டுக்கு. அவ்வளவு அழுத்தித் தீட்டினாள் என்றால், நாலாவது வீட்டில் தாள் கிழிந்தது. நிறுத்தவில்லை. இருபத்திமூன்று கூரையும் முடிந்ததும் "ஆளில்லாத வீடுகள்" என்பதை ஒரே கோட்டில் வெட்டி, பக்கத்தில் தன்னுடைய கோணல் எழுத்தில் "இங்க நாங்க இருக்கிறம்" என்று எழுதினாள். என்னுடைய முழுப் புள்ளிக் கொப்பி அது. எனக்கு ஒரு சொட்டும் கோபம் வரவில்லை.

அப்பா உள்ளேயிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் சங்கக்கடையில் ஒரு பெரிய பிரிஸ்டல் போட் அட்டை வாங்கி வந்து எங்கள் இருவருக்கும் முன்னால் வைத்தார். நாங்கள் கடற்கரை வரிசையில் வீடு வீடாகப் போய், இருக்கிற எல்லோருடைய பெயரையும் கேட்டு, வீட்டைக் கீறி வீட்டுக்குள்ளேயே பெயர்களை எழுதினோம். செலீன் மாமி எங்களைக் கதிரையில் இருத்தி, உப்புத் தண்ணீரில் போட்ட கறுத்தத் தேத்தண்ணி தந்தார். "பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையையும் எழுது. நாளைக்கு அதுவும் தண்ணி குடிக்கும்," என்றார்.

பாலாவியிலிருந்து மா ஏற்றிவரும் ஹனிபா நானாவின் லொறியில் முன்னிருக்கையில் அப்பா, நான், றீற்றா, றீற்றாவின் அப்பா நாலு பேரும் நெருக்கிக்கொண்டு கந்தோருக்குப் போனோம். "அல்லாஹ் காவல், ஊரையே சுருட்டிக்கொண்டு வாரீங்களே," என்று நானா வழி முழுக்க எங்கள் படத்தைப் பார்த்துச் சிரித்தார். அந்த இரண்டு அப்பாமார்களும் அந்தத் தேத்தண்ணி நாளுக்குப் பிறகு முதன்முதலாக ஒருவரோடொருவர் பேசியது அந்த லொறிக்குள்தான், அதுவும் "கொஞ்சம் அங்கால தள்ளுங்க" என்பதில் தொடங்கியது. கந்தோரில் அதே இளம் உத்தியோகத்தர் எங்களைக் கண்டு எழுந்து நின்றுவிட்டார். படத்தை மேசையில் விரித்து எல்லாப் பெயர்களையும் வாசித்தார். நல்ல மனிதர்தான், காதுவரை சிவந்துபோனார். ஆனால் இந்த வருஷத்துக்கு வந்த குழாய் முடிந்துவிட்டது, அடுத்த முறை வரும்போதுதான் முடியும் என்றார். அந்த அடுத்த முறை வருவதற்கு இரண்டரை வருஷம் ஆனது.

லொறியிலிருந்து இறங்கிய அன்றே அப்பா பேக்கரிக்குள் இருந்த பைப்பைக் கழற்றி, சுவரைத் துளைத்து, தெருப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டார். மா குழைக்கவும் வெளியே வந்துதான் தண்ணீர் பிடித்தார். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் மனக்குறை. மழையில் நனைந்துகொண்டு வாளி தூக்குவது யாருக்குத்தான் பிடிக்கும்? கடற்கரை வரிசை மறுபடி எங்களிடம் பாண் வாங்கத் தொடங்கியது, குடத்தோடு வந்து பாணோடு போனார்கள். றீற்றா தினமும் காலையில் இரண்டு குடத்தோடு வருவாள். ஒன்றை நான் வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்வேன். மாதா கெபியைத் தாண்டி மணலில் கால் புதையப் புதைய அவள் வீடுவரை போய் ஊற்றிவிட்டு, அங்கிருந்தே இருவரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவோம். இதை இப்படிச் செய்யவேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, அவளும் ஒருநாளும் கேட்கவில்லை. அவள் வாடிக்குப் போயிருந்த மாதங்களில் என் இடுப்பு சும்மா இருப்பதே எனக்கு என்னவோபோல் இருந்தது. என் வாழ்க்கையில் நான் மனதாரச் செய்த முதல் வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

கடைசியில் றீற்றா வீட்டு முற்றத்திலும் ஒரு பைப் நட்டார்கள், முருங்கை மரத்தடியில். முதலில் சிவப்பாகத் துருத் தண்ணீர் கக்கி, பிறகு கலங்கலாக வந்து, பிறகு தெளிந்தது. செலீன் மாமி அந்தத் தண்ணீரில் போட்ட முதல் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "உப்பில்லாமச் சப்பென்டு கிடக்குது," என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் சிரங்குத் தம்பி பயந்து அழத் தொடங்கினான்.

இதெல்லாம் நடந்து வெகுகாலமாகிவிட்டது. நான் இப்போதும் அதே ஊரில்தான் இருக்கிறேன், அதே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். "எமது ஊர்" என்று எழுதக் கொடுத்தால் பிள்ளைகள் வசதிகள் என்ற தலைப்பில் இரண்டு பக்கம் எழுதுகிறார்கள். தெரு தார் போட்டிருக்கிறது, ஆற்றுக்கு மேலே பாலம் இருக்கிறது, மழைக்கும் மின்சாரம் போவதில்லை. அப்பா இல்லை. பேக்கரியை என் தம்பி நடத்துகிறான், போறணையை இடித்துவிட்டு காஸ் அடுப்பு வைத்திருக்கிறான், பாண் ஓட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறது. சுவரில் தெருப் பக்கம் பார்த்த அந்த பைப் மட்டும் அப்படியே இருக்கிறது, யாரும் குடத்தோடு வருவதில்லை. எத்தனை சனம் என்று இப்போது தம்பியைக் கேட்டால் அவனுக்குத் தெரியாது.

கடற்கரை வரிசையில் இருந்த சின்ன வீடுகள் எல்லாம் மாடி வீடுகளாகிவிட்டன, பளிங்குப் படிகளும் பெரிய இரும்புக் கேற்றுகளுமாக. கேற்றெல்லாம் பூட்டுத்தான். வாடிக்குப் போனவர்களின் பிள்ளைகள் இத்தாலிக்குப் போய்விட்டார்கள், றீற்றாவும் போய்ப் பல வருஷம். வாடியிலிருந்து பங்குனியில் திரும்பி வருவார்கள். இத்தாலியிலிருந்து எந்த மாதத்தில் வருவார்கள் என்று யாராலும் சொல்லமுடியாது. ஒரு பாஸ்குக்கு வருவார்கள், நாலு பாஸ்குக்கு வரமாட்டார்கள். செலீன் மாமியையும் அங்கேயே அழைத்துக்கொண்டார்கள். றீற்றா வீட்டுத் திறப்புக் கொத்து என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் போய் ஜன்னல்களைத் திறந்து, முற்றத்தைக் கூட்டி, முருங்கையடிப் பைப்பைக் கொஞ்ச நேரம் திறந்துவிடுவேன். நீண்ட நாள் பாவிக்காமல் விட்டால் துரு அடைத்துக்கொள்ளும், ஆளில்லாத வீடு என்று இணைப்பையும் வெட்டிவிடுவார்கள்.

போன மாதம் நான் அங்கே நின்றபோது, கையில் ஒரு டெப் கணினி வைத்துக்கொண்டு ஒரு இளம் பெண் கேற்றடியில் வந்து நின்றாள். வீடுகளைப் பதிவதற்கு வந்தவள். வரிசை முழுக்கப் பூட்டுகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள், முகமெல்லாம் வியர்வை.

"இந்த வரிசையில ஒருத்தரும் இல்லையா அக்கா?"

உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, பைப்பைத் திறந்து ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுத்தேன்.

"இப்ப இல்லை என்டு போடுங்க, தங்கச்சி," என்றேன். "ஆளில்லை என்டு போடாதேங்க."

அவள் டெப்பைத் தடவித் தடவிப் பார்த்தாள். "அப்படிப் போட இதில இடமில்லை அக்கா. ஆள் இருக்கு, இல்லாட்டி ஆளில்லை. ரெண்டுதான்."

"அப்ப ஆள் இருக்கு."

"எத்தனை பேர்?"

நான் ஆறு என்றேன். அவள் நிமிர்ந்து கூட்டிய முற்றத்தையும், திறந்திருந்த ஜன்னல்களையும், ஓடிக்கொண்டிருந்த தண்ணீரையும் பார்த்தாள். பிறகு, "எனக்கு விளங்குது அக்கா, ஆனா நான் பொய் எழுத ஏலாது," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, எதையோ அழுத்திக்கொண்டு எழுந்து போனாள். எதை அழுத்தினாள் என்று நான் பார்க்கவில்லை. அவள் சரியாகத்தான் செய்திருப்பாள். அந்த வயதில் நானும் சரியாகத்தான் செய்தேன்.

அவள் போன பிறகு அங்கேயே நின்று றீற்றாவுக்கு அழைப்பு எடுத்தேன். வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தாள் போல, பின்னால் புரியாத பாஷையில் சனம் பேசுகிற சத்தம். நடந்ததைச் சொன்னேன்.

"தண்ணி வருதா?" என்று கேட்டாள்.

போனைப் பைப்புக்குக் கிட்டப் பிடித்தேன். தண்ணீர் முருங்கையின் அடியில் விழுந்து மணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் பிடித்தேனோ தெரியாது. மறுபடி காதில் வைத்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"ஜெசி, என்ட கூரை சிவப்புத்தானே?"

"ஓம் றீற்றா," என்றேன். "தாள் கிழியிற அளவுக்கு."